திறப்புக்கொத்து மாமாவும் உங்கள் கம்பியூட்டரும்

கம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து மேக் வாங்கலாமா? கேட்பவரிடம் "சரி, ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "போட்டவுடனே திரையில் வருமே, அதுதான்" என்பார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கும் உள்ளே நடப்பது புகைமூட்டம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காக வேலை செய்யும் வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படிக் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் நடத்துகிற ஒருவர் திருகோணமலைக் கலியாண வீடுகளில் இருப்பார். உவர்மலையோ, சாம்பல்தீவோ, தம்பலகாமமோ, எந்தக் கலியாண வீட்டிலும் இடுப்பில் திறப்புக்கொத்தைச் செருகிக்கொண்டு ஒரு மாமா திரிவார். அவர் மாப்பிள்ளை இல்லை, ஐயரும் இல்லை. அல்பத்தில் ஒரு படத்தில்கூட நேராக நின்றிருக்க மாட்டார். ஆனால் அரிசி மூட்டை வேண்டுமா, நாலு கதிரை கூடுதலாக வேண்டுமா, ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டுமா, எல்லாரும் அவரிடம்தான் போகவேண்டும். அவர் ஒரு மணித்தியாலம் காணாமல் போனால் கலியாணம் நின்றுவிடும்.

ஒப்பரேட்டிங் சிஸ்டம் அந்த மாமாதான். அடுப்பு, கிடாரம், கதிரை, சாமான் அறை, ஜெனரேட்டர் எல்லாம் கம்பியூட்டரின் வன்பொருள். சமையல்காரர், மேளகாரர், சோடனைக்காரர், வீடியோக்காரர் எல்லாரும் மென்பொருட்கள். வேர்ட், குரோம், வீடியோ பிளேயர் மாதிரி. இவர்கள் யாரும் தாங்களாகச் சாமான் அறைக்குள் புகுந்து எதையும் எடுக்க முடியாது. மாமாவிடம் கேட்க வேண்டும், மாமா எடுத்துத் தருவார். மாமாவிலும் உள்மாமா, அதாவது திறப்பைக் கையில் வைத்திருக்கிற பகுதிக்குக் கேர்னல் என்று பெயர். நீங்கள் பார்க்கும் ஐகன்களும் மெனுக்களும் வாசலில் பன்னீர்ச்செம்புடன் நிற்கிற பிள்ளைகள். அழகாகச் சிரிப்பார்கள், திறப்பு அவர்களிடம் இல்லை.

மாமாவின் முதல் தலையிடி அடுப்பு. அடுப்பு ஒன்று, சமைக்க வேண்டிய கறி பத்து. கம்பியூட்டரின் அடுப்பு சிபியு, அதாவது கட்டளைகளைச் செய்து முடிக்கிற சிப். பழைய இயந்திரங்களில் ஒன்று இருந்தது, இப்போது நாலு, எட்டு என்று இருக்கிறது. ஆனாலும் எந்த நேரத்திலும் நூற்றுக்கணக்கான வேலைகள் வரிசையில் நிற்கும். மாமா என்ன செய்வார்? ஒவ்வொருவரையும் ஒரு சொட்டு நேரம் அடுப்பில் விடுவார், இறக்குவார், அடுத்தவரை ஏற்றுவார். இங்கே சொட்டு நேரம் என்பது ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் வரும் சில துண்டுகள். பாட்டு ஓடுகிறது, எழுத்தும் தட்டுகிறீர்கள், பின்னால் ஏதோ டவுன்லோட் ஆகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரிவது மாமாவின் கைவேகம்.

இந்தக் கைவேகம் எப்போதும் இருந்ததில்லை. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் மாமா மிகவும் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அடுப்பைப் பிடித்தவர் தானாக விட்டால்தான் அடுத்தவருக்கு. இதன் கஷ்டம் புரிய, அறுகரிசி போடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மணவறைக்கு முன்னால் வீடியோக்காரர் கமராவுடன் நிற்கிறார். அவர் நகராமல் நின்றால் மாமி, சித்தி, கிண்ணியாவிலிருந்து வந்த கூட்டாளிமார், ஒருவரும் மேடையேற முடியாது. கலியாணமே வீடியோக்காரரின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது. ஒரே ஒரு மென்பொருள் சிக்கிக்கொண்டால் முழுக் கம்பியூட்டரும் உறைந்து நின்றது இதனால்தான். அப்பிளின் மேக்கிலும் 2001 வரை இதே கதை.

பிறகு வந்த மாமாக்கள் கறாரானவர்கள். நேரம் முடிந்ததும் வீடியோக்காரரின் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றுவார்கள், அவர் சம்மதிக்க வேண்டியதில்லை. வீடுகளுக்கு வந்த விண்டோஸில் இந்தக் குணம் 1995 ஓகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95உடன் வந்தது. யுனிக்ஸ் என்ற பழைய ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் உலகத்தில் அதற்கு வெகு காலத்துக்கு முன்னரே இருந்தது. இன்று ஒரு மென்பொருள் "பதிலளிக்கவில்லை" என்று வெளிறிப்போய் நிற்கும்போதும் மற்ற ஜன்னல்கள் வேலை செய்கின்றன அல்லவா? வீடியோக்காரர் மயங்கி விழுந்துவிட்டார், பந்தி நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது தலையிடி மேசை. சமையலுக்கு எடுத்த சாமானைப் பரப்பி வைக்கும் மேசைதான் ரேம். சாமான் அறை ஹாட் டிஸ்க். மேசை பெரிதாக இருந்தால் எல்லாம் கைக்கெட்டும். சிறிதாக இருந்தால் மாமா ஒரு தந்திரம் செய்வார்: கொஞ்ச நேரமாக யாரும் தொடாத சாமானைத் தூக்கிச் சாமான் அறைக்குள் வைத்துவிட்டு, கேட்டவுடன் ஓடிப்போய் எடுத்து வருவார். ஒரு தரம் இரண்டு தரம் என்றால் சரி. இருபது ஜன்னலைத் திறந்து வைத்தால் மாமாவின் வேலை முழுவதும் ஓடுவதாகவே இருக்கும், சமையல் நடக்காது. 4 ஜிபி ரேம் உள்ள லப்டொப் இரைந்து இரைந்து முனகுவது அந்த ஓட்டம்தான். பழைய சுழல்கிற டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், போட்டவர்கள் புதுக் கம்பியூட்டர் வாங்கியது போலச் சந்தோஷப்படுவார்கள். மேசை பெரிதாகவில்லை, அடுத்த வளவில் இருந்த சாமான் அறை குசினிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய இயந்திரத்துக்குச் செலவழிக்கக் கொஞ்சக் காசுதான் இருக்கிறது என்றால் நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

இங்கே கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கலியாணத்தையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. வாழையிலைப் பந்தியில் ஆளுக்கு ஓர் இலை. பக்கத்து இலையில் கை வைத்தால் சண்டை. முஸ்லிம் வீட்டுக் கலியாணத்தில் சஹன்: ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கம்பியூட்டருக்குள் இரண்டும் உண்டு. தனி இலை என்பது புரொசெஸ், அதாவது தனியாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வேலை. அதன் ரேமை மற்றவர் தொட மாமா விடமாட்டார். ஒரு புரொசெஸுக்குள்ளே பல கைகள் ஒரே தட்டில் சாப்பிட்டால் அந்தக் கைகளுக்கு திரெட் என்று பெயர். சஹனில் இடமும் பாத்திரமும் மிச்சம், பரிமாறுவதும் சுறுசுறுப்பு. ஆனால் ஒருவர் தண்ணீரைத் தட்டிவிட்டால் அத்தனை பேரின் சோறும் போச்சு. 2008இல் கூகுளின் குரோம் வந்தபோது செய்த பெரிய வேலை இதுதான்: திறக்கும் பக்கங்களைத் தனித்தனி இலைகளில் உட்கார வைத்தது. ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை தப்பும். அதற்கான விலைதான் குரோம் ரேமைத் தின்கிறது என்று எல்லாரும் திட்டுவது. இத்தனை இலை போட்டால் மேசை நிறையாதா?

அடுத்தது திறப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பரேட்டிங் சிஸ்டங்களுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசம் நிறத்திலோ ஐகனிலோ இல்லை. திறப்பு யாரிடம், யார் கேட்டால் மாமா கொடுப்பார் என்பதில்தான் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக்குள் நுழைந்த எல்லாருடைய கையிலும் திறப்பு இருந்த மாதிரித்தான். பெரும்பாலானவர்கள் முழு அதிகாரமுள்ள கணக்கிலேயே நாள் முழுவதும் வேலை செய்தார்கள்; அவர்கள் திறந்த எந்தக் கோப்புக்கும் அதே அதிகாரம். வேட்டி கட்டி, வாசலில் சந்தனப் பொட்டும் வைத்து உள்ளே வந்தவர் மாப்பிள்ளை பக்கமா பெண் பக்கமா என்று யாரும் கேட்காத கலியாணம். வைரஸ் பெருகியதில் ஆச்சரியம் என்ன?

2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மாமா திடீரென்று கண்டிப்பாகி, ஒவ்வொன்றுக்கும் "இவருக்குத் திறப்பு கொடுக்கவா?" என்று கேட்கத் தொடங்கினார். சனத்துக்குப் பிடிக்கவில்லை. கேள்வியை வாசிக்காமலே "ஓம், ஓம்" என்று அமத்தப் பழகிக்கொண்டார்கள். பிறகு வந்த விண்டோஸ்களில் கேள்வி குறைந்தது. அமத்தும் பழக்கம் மட்டும் போகவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆபத்து. லினக்ஸில் அப்படி ஒரு பெரிய காரியம் செய்ய வேண்டுமென்றால் சூடோ என்று எழுதிக் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். சோம்பேறிக்கு அது ஒரு தடுப்பு. கடவுச்சொல்லைத் தட்டும் நேரத்தில் "நான் என்ன செய்கிறேன்?" என்று ஒரு தரமாவது தோன்றும்.

திறப்பைக் கொடுத்தவர் நல்லவராக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? உலகெங்கும் விமான நிலையங்களில் நீலத் திரைகள். கிரவுட்ஸ்ட்ரைக் என்பது நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கம்பனி, அதாவது வாடகைக் காவல்காரர். காவல்காரர் எல்லா இடமும் பார்க்க வேண்டும் என்பதால் அவருக்குச் சாமான் அறைத் திறப்பே கொடுக்கப்பட்டிருந்தது. அன்று அவருக்கு அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் கேர்னலின் மடியிலேயே வெடித்தது. சுமார் 85 இலட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் விழுந்தன என்று மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. வீடியோக்காரர் விழுந்தால் கலியாணம் நடக்கும். திறப்புடன் நிற்பவர் விழும்போது சாமான் அறையையே தூக்கிக்கொண்டு விழுவார். அப்படி ஒரு நிலையில் விண்டோஸ் மேற்கொண்டு எதையும் பழுதாக்காமல் கையைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த நிறுத்தம்தான் நீலத் திரை. அதைத் திட்டுகிறோம், ஆனால் அது கெட்டிக்கார முடிவு.

மாமா எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாரும் நினைக்காத வழியால் ஒன்று வரும். திருகோணமலைப் பட்டணத்துக்குள் பந்தல் போடுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து உலாத்தி வரும் புள்ளிமான் அழைப்பிதழ் பார்த்து வருவதில்லை. வாசலில் கட்டிய பச்சையைக் கண்டால் போதும். மாமா காசுப் பெட்டியைக் காத்துக்கொண்டிருப்பார், மான் வாழைமரத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். மென்பொருள்காரர்கள் பக் என்று சொல்வது இதைத்தான்: களவாக யாரும் வரவில்லை, வேலியில் ஓர் இடம் திறந்திருந்தது, அவ்வளவே.

இனி முதல் கேள்விக்கு வரலாம். கலியாணம் எல்லாம் கலியாணம்தான், ஆனால் நடத்தும் விதம் வேறு.

விண்டோஸுக்கு முன்னோடியான டொஸ் பதிவாளர் கந்தோரில் நடக்கும் கலியாணம். 1981இல் ஐபிஎம் கம்பியூட்டருடன் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு சோடிதான். மேளம் இல்லை, பந்தி இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு எழுதுவினைஞர். சொல்ல வேண்டிய வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னால் வேலை நடக்கும், ஓர் எழுத்துத் தவறினால் "பிழையான கட்டளை அல்லது கோப்புப் பெயர்" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். படிவத்தில் பெயருக்கு எட்டே எட்டுக் கட்டங்கள். கோணேசபிள்ளை, பத்மலோஜினி என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், பாதிப் பெயர் வெளியே நிற்கும். சுவாரசியம் என்னவென்றால், மைக்ரோசொப்ட் இதைத் தானாக எழுதவில்லை. சியாற்றிலில் ஒரு சிறு கம்பனிக்காக டிம் பற்றர்சன் எழுதியதை வாங்கித் தன் பெயரில் கொடுத்தது.

விண்டோஸ் பட்டணத்துக் கலியாண மண்டபம். யாரும் எடுக்கலாம், உங்கள் சமையல்காரரைக் கூட்டி வரலாம், எந்த வாடகைச் சாமானையும் இறக்கலாம். எல்லாருக்கும் பழக்கமான இடம் என்பதால் கடைக்காரர்கள் எல்லாரும் அந்த மண்டபத்தின் அளவுக்குத்தான் சோடனை செய்து வைத்திருப்பார்கள். கணக்கியல் மென்பொருளோ, விளையாட்டோ, மலிவு பிரிண்டரோ, முதலில் விண்டோஸுக்குத்தான் வரும். இதன் மறுபக்கம், இந்த மண்டபம் எந்தப் பழைய சாமானையும் எறியாது. இருபது வருடத்துக்கு முந்தைய மென்பொருளும் பெரும்பாலும் ஓடும். உங்கள் விண்டோஸில் சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு ஃபோல்டருக்குப் பெயரிட்டுப் பாருங்கள். மறுத்துவிடும். டொஸ் காலத்தில் அந்தப் பெயர் விசைப்பலகையையும் திரையையும் குறித்தது, இன்றுவரை அந்தப் பெயரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. எப்போதோ காலமான பெரியப்பாவின் கதிரை முன்வரிசையில் அப்படியே கிடக்கிறது, ஒருவரும் இருக்கக்கூடாது. டிஸ்க்கின் பெயர் ஏன் சி என்று தொடங்குகிறது? ஏயும் பியும் ஃபுளொப்பிக்கு, அதாவது அந்தக் காலத்தில் கோப்புகளைக் கொண்டுதிரிந்த மெல்லிய தட்டுக்கு, ஒதுக்கிய வாசல்கள். ஃபுளொப்பி போய்விட்டது, முதல் இரண்டு வாசலும் சும்மா கிடக்க, சனம் மூன்றாவது வாசலால் போய் வருகிறது.

மேக் நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலில் எடுக்கும் பக்கேஜ். மண்டபம், சாப்பாடு, பூ, வெளிச்சம் எல்லாம் ஒரே கை. கடல் பின்னால் தெரியும், ஒரு வயர்கூடக் கண்ணில் படாது. அப்பிள் இயந்திரத்தையும் செய்து சிஸ்டத்தையும் செய்கிறது. 2020இலிருந்து சிப்பையும் தானே வடிவமைக்கிறது. அதனால்தான் பற்றரி நீடிக்கிறது, மூடியைத் திறந்தவுடன் விழிக்கிறது. வெளியாட்களை அடியோடு தடுப்பதில்லை, ஆனால் வாசலில் அடையாள அட்டை பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பழைய சாமான் மீது இந்த ஹோட்டலுக்குப் பாசமே கிடையாது: 32 பிட் என்ற பழைய வகை மென்பொருட்களை 2019இல் ஒரே அடியாக வெளியே வைத்தது. காசும் கேட்கும். பில்லைப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார் கடலைப் பார்க்க மறந்துபோவார்.

லினக்ஸ் சொந்த வளவில், அயலும் உறவும் சேர்ந்து நடத்தும் கலியாணம். முதல் நாள் இரவே ஆட்கள் வந்து மரக்கறி வெட்டுவார்கள், தேங்காய் திருவுவார்கள், சம்பளம் இல்லை. 1991 ஓகஸ்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு சிஸ்டம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று அறிவித்தார். அவர் எழுதியது மாமாவை மட்டும்தான், கேர்னலை. கிடாரம், அகப்பை, கத்தி எல்லாம் 1983இலேயே ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த க்னூ திட்டத்தில் தயாராக இருந்தன. அவர்களிடம் மாமாதான் இன்னும் வரவில்லை. இரண்டும் சேர்ந்தன, கலியாணம் நடந்தது. பிறகு தொடங்கியது அழைப்பிதழ்ச் சண்டை. ஊர் எல்லாம் லினக்ஸ் என்கிறது. க்னூ லினக்ஸ் என்று எங்கள் பெயரையும் முதலில் போடவேண்டும் என்கிறார் ஸ்டோல்மன். அழைப்பிதழில் பெயர் விட்டுப்போன சித்தப்பாவைக் கண்டவர்களுக்கு இந்த வழக்கு ஏன் முடியவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. நியாயம் சித்தப்பா பக்கம்தான் என்பது என் எண்ணம், ஆனால் வாயில் வருவது லினக்ஸ்தான்.

ஊருக்கு ஊர் சடங்கு மாறுவது போல லினக்ஸிலும் பல வகை: 1993இல் தொடங்கிய டெபியன், அதிலிருந்து பிரிந்து 2004இல் வந்த உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட். மாமா எல்லாருக்கும் ஒருவரே. சோடனையும் பரிமாறும் ஒழுங்கும் வேறு. விலை இல்லை, குசினிக்குள் யாரும் போகலாம், சமையல் குறிப்பைப் பிரதி எடுக்கலாம், மாற்றலாம். சிக்கல் வாடகைச் சாமானில் வரும். ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தால் அதை முடுக்கத் தெரிந்த ஆளும் கூடவே வருவார் அல்லவா? அந்த ஆள்தான் டிரைவர் மென்பொருள். பிரிண்டர்க் கம்பனிகள் மண்டபத்துக்கு ஆள் அனுப்பும், வளவுக் கலியாணத்துக்குச் சில வேளை அனுப்பாது. அப்போது ஊரில் கைதேர்ந்த ஒரு பெடியன் ஜெனரேட்டரைக் கழற்றிப் பார்த்துத் தானே முடுக்கப் பழகவேண்டும். லினக்ஸின் பல டிரைவர்கள் அப்படி எழுதப்பட்டவைதான். இன்று நிலைமை மிக நல்லது, பெரும்பாலான சாமான் செருகியவுடன் வேலை செய்கிறது. ஆனால் "பெரும்பாலான" என்ற சொல்லைக் கவனியுங்கள். வளவுக் கலியாணம் என்றால் சின்ன விருந்து என்றும் நினைக்க வேண்டாம். உலகின் மிக வேகமான 500 கம்பியூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ்தான். பெரிய அன்னதானத்துக்கு ஹோட்டல் பக்கேஜ் கட்டுப்படியாகாது.

கைபேசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்ட்ரொய்ட்டுக்குள் இருப்பது அதே லினக்ஸ் மாமா. போன் கம்பனிகள் அவருக்கு ஆளுக்கொரு தலைப்பாகை கட்டிவிடுகின்றன. ஐபோன் நிலாவெளி ஹோட்டலின் கண்டிப்பான கிளை. பெரும்பாலான நாடுகளில் சாப்பாட்டுப் பொட்டலம்கூட அவர்கள் கவுண்டர் வழியாகத்தான் வரவேண்டும்.

அப்டேட் பற்றிச் சொல்லாவிட்டால் விண்டோஸ்காரர்கள் கோபிப்பார்கள். பந்தி நடுவில் "பாய் மாற்றப் போகிறோம், எல்லாரும் எழும்புங்கோ" என்றால் எப்படி இருக்கும்? விண்டோஸில் பாவனையில் உள்ள கோப்பைப் பொதுவாக மாற்ற முடியாது. ஆள் இருக்கும் பாயை இழுக்க முடியாத மாதிரி. அதனால் எல்லாரையும் எழுப்பித்தான், அதாவது ரீஸ்டார்ட் செய்துதான், புதியதை விரிக்க முடியும். லினக்ஸில் இருப்பவர்கள் பழைய பாயிலேயே சாப்பிட்டு முடிப்பார்கள், அடுத்த வரிசைக்குப் புதுப்பாய் பக்கத்தில் விரிக்கப்படும். மாமாவையே மாற்றுவதென்றால் மட்டும் அங்கேயும் பெரும்பாலும் ரீஸ்டார்ட்தான். எரிச்சலாக இருக்கிறது என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்டேட்டில் பாதி, வேலியில் மான் வந்த ஓட்டையை அடைக்கும் வேலை.

தமிழும் மாமாவின் வேலைதான். "கொ" என்று தட்டினால் கம்பியூட்டருக்குள் போவது "க", அதன் பின் ஒகரக் குறி. திரையிலோ அந்தக் குறி இரண்டாக உடைந்து ஒன்று ககரத்துக்கு இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் நிற்க வேண்டும். அப்படிப் பிரித்து நிறுத்தத் தெரிந்த மாமா விண்டோஸ் பக்கத்தில் 2000இல்தான் வந்தார், லதா எழுத்துருவுடன். அதற்கு முன் நம் அச்சகங்களில் பாமினி. பாமினியில் அடித்த கலியாண அழைப்பிதழை அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து நிற்கும். ஏனென்றால் உள்ளே சேமித்திருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் மேலே போர்த்த சால்வை. இன்று மூன்று வகைக் கலியாணத்திலும் யுனிகோட் தமிழ், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகப் பொது எண் கொடுத்துச் சேமிக்கிற முறை, பிசகில்லாமல் ஓடுகிறது. பாமினிக் கோப்புகள் கையில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

சரி, எதை எடுப்பது? அலுவலக வேலை, கணக்கு மென்பொருள், விளையாட்டு என்றால் விண்டோஸை விட்டு நகர வேண்டாம். வீடியோ வெட்டுவதுதான் தொழில், காசும் இருக்கிறது என்றால் மேக்குக்குப் போங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். நடுவில் நிற்பவர்கள் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள். 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. மண்டபம் பூட்டப்படவில்லை, காவல்காரர்தான் வீட்டுக்குப் போய்விட்டார். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறது, பழைய லப்டொப் பலவற்றில் அது இல்லை. நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைத் தூக்கி எறிய மனமில்லை என்றால் உபுண்டு அல்லது மின்ட்டை ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, உள்ளே எதையும் நிறுவாமல், யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், உங்கள் கோப்புகளில் அது தானாகக் கை வைக்காது. வை-ஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் தட்ட முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அடித்துவிட்டால், படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துவிட்டு நிறுவலாம். அடிக்காவிட்டால் யுஎஸ்பியைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.